நேனேயின் அச்சாறு

என் வாப்பாவின் தாயாரை நாங்கள் வாப்பும்மா என்று அழைப்பதில்லை. அவர் மலாயர், எங்களுக்கு அவர் நேனே. கொழும்பு கொம்பனித்தெருவில் பிறந்து, 78 வயது வரை அங்கேயே வாழ்ந்தவர். கடந்த ஆண்டு மூட்டுவலி கூடியதால் காத்தான்குடியிலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வாப்பாவுக்குக் கத்தாரில் வேலை. வீட்டில் உம்மா, நான், தம்பி. எங்களுக்குத் தமிழ், நேனேக்கு மலாயும் சிங்களமும். இரண்டாம் மொழியாக நான் படித்த சிங்களம் பரீட்சைத் தாளுக்குப் போதும். வயதான ஒருவருக்கு எங்கே வலிக்கிறது என்று கேட்டறிய அது போதவில்லை.

முதல் மாதம் அவர் வாய் திறந்து பேசியதெல்லாம் வெள்ளிக்கிழமை இரவு வாப்பாவின் தொலைபேசி அழைப்பில்தான். மற்ற நாட்களில் தஸ்பீஹோடு ஜன்னலோரம் இருப்பார். உம்மா ஆக்கிய சோற்றில் நான்கு கவளம் எடுத்துவிட்டுப் பீங்கானைத் தள்ளிவைப்பார். ஆள் மெலிந்துகொண்டே போனார்.

"இவட மகனுக்கு நான் என்ன பதில் சொல்லுற?" என்று உம்மா தனியே கண் கலங்கினார்.

ஒரு நாள் பாடசாலை விட்டு வந்தபோது நேனே அடுப்படியில் இருந்தார். முன்னால் ஒரு சுளகு நிறையச் சின்ன வெங்காயம். என்னைக் கண்டதும் கடுகுப் போத்தலைக் காட்டினார், பிறகு அம்மியைக் காட்டினார். வினாகிரியில் ஊறிய கடுகை இஞ்சி, உள்ளியோடு நான் அரைத்தேன். விழுது பதமாகும்வரை விரலால் தொட்டுப் பார்த்து, "இன்னும்" என்பதுபோல் கையைச் சுழற்றிக்கொண்டேயிருந்தார். கடுகின் நெடி ஏறி என் கண்ணில் நீர் வடிந்தது. தன் முந்தானையால் துடைத்துவிட்டார். அவர் என்னைத் தொட்டது அன்றுதான் முதல் தடவை.

வெங்காயம், பச்சை மிளகாய், நோன்புக்கு வாங்கி எஞ்சிய பேரீச்சம்பழம், சீனி எல்லாம் விழுதோடு சேர்ந்து போத்தலுக்குள் போயின. மூன்று விரல்களைக் காட்டினார்; மூன்று நாட்கள் திறக்கக் கூடாது. தம்பி இரண்டாம் நாளே மூடியைத் திருகியது வேறு கதை. நான்காம் நாள் நேனே அந்த அச்சாற்றோடு ஒரு பீங்கான் சோற்றையும் முடித்தார். உம்மா ஒன்றும் பேசாமல் இன்னொரு அகப்பை வைத்தார். அதையும் சாப்பிட்டார்.

அதன் பிறகு அடுப்படியே எங்கள் வகுப்பறை. ஒரு நாள் மீன் ஆணத்தை ருசி பார்த்துவிட்டு "காரம்" என்றார். உம்மா மிளகாய்த் தூளோடு ஓடி வந்தார். நேனே தலையில் கைவைத்து உப்புச் சாடியைக் காட்டினார். மலாயில் உப்புக்கு அதுதான் பெயராம்! அன்றே ஒரு கொப்பியின் பின்பக்கத்தில் எழுதத் தொடங்கினேன். நாஸி என்றால் சோறு, இக்கங் என்றால் மீன், மாக்காங் என்றால் சாப்பிடு. எழுத எழுத ஓர் ஆச்சரியம். நம் தமிழைப் போலவே நேனேயும் வினையைக் கடைசியில்தான் வைக்கிறார். ரூமா என்றால் வீடு, ரூமாநங் என்றால் வீட்டுக்கு. ஜாவாவிலும் மலேசியாவிலும் இப்படி இல்லையாம். 17ஆம் நூற்றாண்டு முதல் ஒல்லாந்தர் கொண்டுவந்த படைவீரர்களும் நாடுகடத்தப்பட்டவர்களும் தமிழ், சிங்களம் பேசியோருடன் வாழ்ந்ததில் இலங்கை மலாய் இப்படி வளைந்திருக்கிறது. கொடுக்கல் வாங்கல் இரு பக்கமும் உண்டு. நாம் உடுக்கும் சாரமும் உண்ணும் சம்பலும் மலாய்ச் சொற்கள். அவர்களது 'கபால்' நம் கப்பல்.

1869இல் கொழும்பிலிருந்து 'அலாமத் லங்காபுரி' என்ற மலாய்ப் பத்திரிகை அறபு எழுத்தில் வெளிவந்தது என்று வாப்பா சொன்னபோது, உம்மம்மாவின் பெட்டியிலிருக்கும் அறபுத் தமிழ்க் கிதாபுகள்தான் நினைவுக்கு வந்தன. இவ்வளவையும் வாப்பா ஏன் எங்களுக்கு முன்பே சொல்லித்தரவில்லை என்று எனக்குச் சிறு மனத்தாங்கல் உண்டு.

ஹஜ்ஜுப் பெருநாளுக்கு நேனே பாபத் சமைக்கப் போகிறார். மாட்டு இரைப்பையைத் துப்புரவாக்கி, சேரையும் ரம்பையும் போட்டு ஆக்கும் கறி, பிட்டோடு சாப்பிடுவது. கழுவும் வேலையை நினைத்து உம்மா இப்போதே முகம் சுளிக்கிறார். ஆனால் பிட்டை மட்டும் தானேதான் அவிப்பாராம். அதில் எங்கள் ஊர்க்காரரை எவரும் வெல்ல முடியாதாம். இதை நேனேக்கு மனம் நோகாமல் எப்படிச் சொல்வதென்று கொப்பியைப் புரட்டிக்கொண்டிருக்கிறேன்.