ஒரே ஒரு புள்ளி

பாட்டு சத்தத்துக்கேத்த மாதிரி பத்து எல்இடி, படிக்கு 3 டெசிபலாக, பட்டை மாதிரி ஏறி இறங்கணும். நான் சால்டர் பண்ணின கிட்டில் ஒரு நேரத்தில் ஒன்றுதான் எரிந்தது.

எல்எம்3915 ஐசி போச்சுன்னு முடிவு பண்ணி, புதுசு வாங்கி மாட்டினேன். அதே ஒத்தைப் புள்ளி.

அப்புறம்தான் மல்டிமீட்டரை எடுத்தேன். ஐசியின் 9-வது காலுக்கு சப்ளை வந்தால் பட்டை, வராவிட்டால் புள்ளி. அங்கே டிரை சால்டர். ஈயம் பிடித்த மாதிரி தெரிந்தது, பிடிக்கவில்லை. மறுபடி சூடு காட்டினதும் பத்தும் எரிந்தது.

அன்று காலை ஒரு அம்மாவுக்கு சுகர் குறையலைன்னு டோஸை ஏற்றியிருந்தேன். மாத்திரை ஒழுங்கா போடுறீங்களான்னு கேட்கவே இல்லை.

உடனே போன் பண்ணினேன்.

"காசு இல்ல சார். பத்து நாளா வாங்கல."

பழைய டோஸே போதும்மா, ஆரம்ப சுகாதார நிலையத்தில் இலவசமாகவே கிடைக்கும் என்றேன்.