சுரமண்டலமும் ஈட்டியும்



சென்ற அறுப்பின் பண்டிகையன்று நம் ஆலயத்தில் நடந்த ஒன்றை உங்களில் சிலர் மறந்திருக்கலாம். புது நெல்லும் வாழைத்தார்களும் பீடத்தின் முன் குவிந்திருந்தன. புதிதாக வாங்கிய ஒலிபெருக்கிகளில் பாடல் முழங்கியது. மூன்றாம் வரிசையில் தாயோடு நின்ற ஆறு வயதுச் சிறுவன் காதுகளைப் பொத்திக்கொண்டு அலறினான். அவனுக்கு ஆட்டிசம் என்பதை நான் அறிவேன். அறிந்திருந்தும் கைகாட்டினேன்; மூப்பர் ஒருவர் அவர்களை வெளியே அழைத்துச் சென்றார். காணிக்கைப் பொருள்களின் ஏலம் முடியும்வரை அந்தத் தாய் வேப்பமரத்தடியில் நின்றார். அதன்பின் மூன்று மாதம் அவர்கள் ஆராதனைக்கு வரவில்லை.

வைகாசியில் அவர்களைக் காணச் சென்றேன். மேட்டூர் இன்னும் திறக்கவில்லை; குடமுருட்டி மணலாய்க் கிடந்தது. வழிநெடுக ஆறுதல் வார்த்தைகளை ஆயத்தம் செய்துகொண்டு போனேன். தாவீது சுரமண்டலம் வாசித்தபோது சவுல் ஆறுதலடைந்தான். அவ்வண்ணமே இசையினால் உங்கள் மகனும் சுகமடைவான் என்றேன். அந்தச் சகோதரி ஓய்வுநாள் பள்ளியில் பாடம் நடத்தியவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "ஐயா, அதே சவுல்தானே அப்புறம் வாசிச்சவர் மேலேயே ஈட்டியை எறிஞ்சார்?" என்றார்.

பதில் சொல்ல இயலவில்லை. 1 சாமுவேல் 16-ஆம் அதிகாரத்தை எத்தனையோ முறை பிரசங்கித்திருக்கிறேன். 18-ஆம் அதிகாரத்தில் அதே அறையில், அதே இசை ஒலிக்கையில் ஈட்டி பறக்கிறது என்பதைச் சேர்த்து வாசித்ததில்லை. இறையியல் பட்டம் வேறு பெற்றிருக்கிறேன்.

பின்பு அவர் தஞ்சையில் ஒரு பயிற்சியாளரிடம் கற்றுவந்ததைச் செய்து காட்டினார். நம்மில் பலர் இசைச் சிகிச்சை என்றவுடன், குழந்தையை அமர்த்தி ஓர் இனிய ராகத்தைக் கேட்கச் செய்வது என்று எண்ணுகிறோம். (இன்ன நோய்க்கு இன்ன ராகம் என்று பட்டியல் சொல்வதில் தஞ்சைக்காரருக்குத் தனி மகிழ்ச்சி உண்டு.) நான் கண்டதோ வேறு. சிறுவன் ஒரு கஞ்சிராவை இருமுறை தட்டினான். தாய் பலகையில் இருமுறை தட்டினார். அவன் வேகமாகத் தட்டினான், அவரும் அப்படியே. அவன் நிறுத்தினான், அவரும் நிறுத்திக் காத்திருந்தார். நெடுநேரம் என்று எனக்குத் தோன்றியது. அவன் ஒருமுறை தட்டிவிட்டு, அவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தான். பின்பு அவர் மெல்லிய குரலில் ஒரு தாலாட்டைப் பாடி, கடைசிச் சொல்லைப் பாடாமல் விட்டார். அவன் அதைச் சொன்னான். அந்தச் சொல்லைத் தவிர, நான் அங்கிருந்த ஒரு மணி நேரத்தில் அவன் வேறெதுவும் பேசவில்லை.

வழிநடத்துவது குழந்தை; பின்தொடர்வது பெரியவர். பால் நார்டாஃப் என்னும் இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்னும் ஆசிரியரும் 1959-இல் இங்கிலாந்தில் தொடங்கிய வழியும் இதுவே: குழந்தை எழுப்பும் ஒலி எதுவாயினும், அழுகையே ஆயினும், அதற்கேற்ப அங்கேயே இசையமைத்து மறுமொழி கூறுவது. நம் தஞ்சையில் சித்த மருத்துவராகவும் இசை ஆராய்ச்சியாளராகவும் வாழ்ந்து, 1917-இல் கருணாமிர்த சாகரத்தை வெளியிட்ட ஆபிரகாம் பண்டிதர் இதைக் கண்டிருந்தால் மகிழ்ந்திருப்பார் என்று எண்ணிக்கொள்கிறேன்.

ஆட்டிசத்தை முதன்முதலில் விரிவாக விவரித்தவர்களுள் ஒருவரான லியோ கேனர், 1943-இல் 11 பிள்ளைகளைக் குறித்து எழுதினார். முதல் சிறுவன் ஒரு வயதிலேயே பல மெட்டுகளைப் பிழையின்றி முனகினான். மிக இளவயதிலேயே 23-ஆம் சங்கீதத்தையும் ஞானோபதேச வினாவிடைகள் 25-ஐயும் மனப்பாடம் செய்தான். ஆனால் தானாக ஒரு கேள்வி கேட்கவோ, கேட்டதற்கு விடை கூறவோ பழகவில்லை. மெட்டு அவனுக்குள் இருந்தது, மறுமொழிதான் அரிதாயிருந்தது. தாய் கடைசிச் சொல்லை விட்டுவிட்டுக் காத்திருந்தது ஏன் என்று இதை வாசித்தபோது எனக்கு விளங்கிற்று.

இதனால் ஆட்டிசம் நீங்குமா என்று உங்களில் சிலர் கேட்பீர்கள். நீங்காது. 9 நாடுகளில் 4 முதல் 6 வயதுள்ள 364 பிள்ளைகளிடம் செய்யப்பட்டு 2017-இல் வெளியான ஆய்வில், ஐந்து மாத இறுதியில் குறிகளின் தீவிரம் இசைச் சிகிச்சையால் குறிப்பிடத்தக்க அளவு குறையவில்லை. 26 ஆய்வுகளைத் தொகுத்து 2022-இல் வந்த காக்ரேன் மதிப்பாய்வோ, பொதுவான முன்னேற்றத்துக்கும் வாழ்க்கைத் தரம் உயர்வதற்கும் வாய்ப்புண்டு என்கிறது. நான் வாக்களித்த சுகம் இதுவன்று. அந்தத் தாய் அதை என்னிடம் கேட்கவுமில்லை. புறப்படும்போது அவர் கேட்டது ஒன்றே: "ஸ்பீக்கரைக் கொஞ்சம் குறைப்பீங்களா, ஐயா?"

மூப்பர்களிடம் பேசிவிட்டேன். ஆனி முதல் ஞாயிறு தொடங்கி, காலை 7 மணி ஆராதனையில் ஒலிபெருக்கியும் டிரம்ஸும் இராது, ஆர்மோனியம் மட்டும். வாசலருகே கடைசி இரண்டு பெஞ்சுகளைக் காலியாக விட்டுவையுங்கள். யாரேனும் எழுந்து நடந்தாலோ, பாட்டின் நடுவே ஒலி எழுப்பினாலோ திரும்பிப் பார்க்க வேண்டாம். அவர்கள் வருவார்களா என்று அந்தச் சகோதரி இன்னும் சொல்லவில்லை.