காற்றை வழித்தெடுத்த கை

தை மாதக் குளிர் என்றால் பாலாற்றங்கரைக்காரர்களான எங்களுக்கு ஒரு போர்வையும் ஒரு டம்ளர் காபியும் போதும். வெயில் ஏறினால் குளிர் போன இடம் தெரியாது. சுவான்சௌவின் குளிர் வேறு சாதி! சீனாவின் தென்கிழக்குக் கரையில், ஃபூஜியன் மாகாணத்தில் இருக்கிறது இந்தத் துறைமுக நகரம். பனி கொட்டவில்லை. ஆனால் கடலின் ஈரத்தைச் சுமந்து வரும் காற்று, சால்வைக்குள் புகுந்து முதுகுத்தண்டோடு இறங்கிவிடுகிறது. எங்கள் ஊர் பழையசீவரத்தில் கிளம்பி இரண்டு விமானம், ஒரு ரயில் மாறி வந்து, கோணல்மாணலாகத் தூங்கி எழுந்ததில் கழுத்து பிடித்துக்கொண்டது. இடப்பக்கம் திரும்பவே முடியவில்லை.

அதற்காக அறையிலேயே கிடக்க முடியுமா? மொழி சொல்ல உடன் வந்த கல்லூரிப் பெண்ணோடு காலையிலேயே கையுவான் கோயிலுக்குப் போனேன். 686-இல் தொடங்கிய புத்தர் கோயில். ஊதுவத்திப் புகை, ஓங்கி வளர்ந்த இரண்டு கற்கோபுரங்கள், ஆலமரம். பெரிய மண்டபத்தின் பின்பக்கம் போனவள் அப்படியே நின்றுவிட்டேன். அங்கே இரண்டு தூண்களில் நம்மூர்ச் சிற்பங்கள்! கண்ணன் இருக்கிறான். அவனுக்கு அருகே, அட, நரசிம்மர்! எங்கள் ஊர் மலைமேல் லட்சுமியோடு சாந்தமாக வீற்றிருப்பவர், இத்தனை கடல் தாண்டி ஒரு புத்தர் கோயில் தூணில். கழுத்து திரும்பாததால் உடம்பையே திருப்பித் திருப்பிப் பார்த்தேன். இடிந்துபோன ஒரு பழைய கோயிலின் கற்கள் இவை. 1281-இல் சம்பந்தப் பெருமாள் என்பவர், பேரரசர் குப்லாய் கானின் நலனுக்காகச் சிவனை இங்கே எழுந்தருளச் செய்ததாகச் சொல்லும் தமிழ்க் கல்வெட்டும் இந்த ஊரில்தான் கிடைத்தது.

நான் திரும்பும் விதத்தைக் கவனித்த அந்தப் பெண், மதியம் ஒரு கிண்ணம் நூல்போன்ற சேமியாக் கஞ்சியை வாங்கிக் கொடுத்துவிட்டு, "என் பாட்டி போகும் இடத்துக்கு வாருங்கள், அக்கா" என்றாள். சந்துக்குள் சந்து. ஒரு வீட்டில் இஞ்சி போட்டு வாத்து வேகும் வாசம். அடுத்த கதவைத் திறந்ததும் மூக்கில் ஏறிய புகையில் ஏதோ பழகிய நெடி. எங்கே முகர்ந்தது இது? மரிக்கொழுந்து! சீனர்கள் வைத்தியத்துக்குக் கொளுத்தும் மூலிகை, மரிக்கொழுந்தின் உறவுச் செடியாம்.

வைத்தியம் செய்யும் அம்மாவுக்கு எழுபது வயது இருக்கும். ஒன்றும் கேட்கவில்லை. என் பின்கழுத்தில் இரண்டு விரலை வைத்தார். "ஃபெங்" என்றார். "காற்று பிடித்திருக்கிறது என்கிறார்" என்று அந்தப் பெண் சொன்னபோது எனக்குச் சிலிர்த்துவிட்டது. வாயுப் பிடிப்பு என்று நாம் சொல்வதும் அதைத்தானே? வியட்நாமில் இந்தப் பிடிப்புக்குச் செய்யும் வைத்தியத்துக்குக் 'காற்றைச் சுரண்டுதல்' என்றே பெயர். இந்தோனேசியாவில் 'காற்று நுழைந்துவிட்டது' என்று சொல்லிக் காசை வைத்துத் தேய்க்கிறார்கள்.

குப்புறப் படுத்தேன். வெதுவெதுப்பான எண்ணெய் முதுகில் பரவியது. பிறகு எருமைக் கொம்பை இழைத்துச் செய்த, வெற்றிலை அளவு வில்லை ஒன்று கழுத்திலிருந்து தோளை நோக்கி இறங்கியது. சர்... சர்... சர்... மேலிருந்து கீழ் மட்டும். ஒரு தடவைகூடத் திரும்ப மேலே ஏறவில்லை. வலிக்கிறதா என்றால் வலிக்கிறது. நிறுத்தட்டுமா என்றால் வேண்டாம்! சருமத்தில் சிவப்புப் புள்ளிகள் புறப்படுகின்றன. அதுதான் 'ஷா'. 'குவா' என்றால் சுரண்டுவது. இரண்டும் சேர்ந்து 'குவா ஷா', இந்த வைத்தியத்தின் பெயர். வீட்டில் கொம்பு வில்லை இல்லாதவர்கள் பீங்கான் கரண்டியை எடுத்துக்கொள்வார்களாம். இந்த 'ஷா' நோய்களுக்கென்றே குவோ ஜிசுய் என்ற மருத்துவர் 1675-இல் தனி நூல் எழுதியிருக்கிறார்.

அந்தச் சத்தத்தில் கண்ணை மூடியதும் ஊர் வந்தது. பழையசீவரத்துக்கு எதிர்க்கரை திருமுக்கூடல். பாலாறும் செய்யாறும் வேகவதியும் கூடும் இடம். அங்கே பெருமாள் கோயில் சுவரில், 11-ஆம் நூற்றாண்டில் வீரராஜேந்திர சோழன் காலத்தில் வெட்டிய நீண்ட கல்வெட்டில் ஓர் ஆஸ்பத்திரியே இருக்கிறது. பெயர் வீரசோழன் ஆதுலர் சாலை. 15 படுக்கைகள், ஒரு வைத்தியர், அறுவை செய்ய ஒருவர், மூலிகை கொண்டுவர இருவர், மருந்து கொடுத்துக் கவனிக்கப் பெண்கள் இருவர். வைத்தியரின் பெயர் கல்லில் நிற்கிறது. அந்தப் பெண்களின் பெயர் இல்லை. காய்ச்சல்காரனின் நெற்றியைத் தொட்டதும் முதுகை நீவியதும் அந்தக் கைகளாகத்தான் இருக்கும்.

சம்பந்தப் பெருமாள் காலத்துத் தமிழ் வணிகர்களையும் நினைத்துக்கொண்டேன். பருவக்காற்றில் வந்து, திரும்ப எதிர்க்காற்றுக்காக மாதக்கணக்கில் இங்கே காத்துக் கிடந்தவர்கள். காற்று கொண்டுவந்து சேர்த்த அவர்களுக்கும் காற்று பிடித்திருக்கும். ஏதோ ஒரு சந்தில், மொழி தெரியாத ஒரு கை வழித்துவிட்டிருக்காதா?

எழுந்து கண்ணாடியைப் பார்த்தேன். ஐயோ! வேலிக்காத்தான் முள்ளில் புரண்டவள்போலக் கருஞ்சிவப்புக் கோடுகள். தோலுக்கடியில் உள்ள நுண்ணிய ரத்தக் குழாய்கள் கசிவதால் வரும் தடம். சில நாளில் மறைந்துவிடும். 2007-இல் வெளிவந்த ஓர் ஆய்வில், நலமாக உள்ள 11 பேருக்கு இப்படிச் செய்து பார்த்தபோது, அந்த இடத்தில் மேல்தோல் ரத்த ஓட்டம் முதல் சில நிமிடங்களில் நான்கு மடங்கு கூடியதாம். ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இதன் பக்கமே போகக் கூடாது. 'குவா ஷா' என்ற பெயரிலேயே 2001-இல் ஒரு சீனத் திரைப்படம் வந்தது. அமெரிக்காவில் தாத்தா பேரனுக்கு அன்போடு தேய்த்துவிட, தடத்தைப் பார்த்த அதிகாரிகள் குழந்தையை அடித்ததாக எண்ணிவிடும் கதை. கோடு ஒன்றுதான், படிக்கத் தெரிந்தவருக்கு வைத்தியம், தெரியாதவருக்குக் காயம்.

"குளிக்காதே, வெந்நீர் குடி, காற்றில் நிற்காதே" என்று அந்த அம்மா என் சால்வையைத் தானே இழுத்துக் கட்டிவிட்டார். வாசலில் இடப்பக்கம் திரும்பிப் பார்த்தேன். திரும்பியது!

இரவு வீடியோவில் அம்மாவிடம் கழுத்தைக் காட்டினேன். "அடிப் பாவி, யாருடி உன்னை இப்படி அடிச்சது?" என்று பதறினாள். நடந்ததைச் சொன்னேன். கொஞ்ச நேரம் போனையே உற்றுப் பார்த்தாள்.

"எண்ணெயைச் சூடு பண்ணித்தானே தடவினாங்க?"

"ஆமாம்மா."

"மேலேர்ந்து கீழதானே இழுத்தாங்க?"

"ஆமாம்."

"நம்ம ஊர்ல சுளுக்கு வழிக்கிறதுதானேடி இது!" என்றாள். முகம் தெளிந்துவிட்டது. "அந்தம்மாவுக்கு நல்ல கைராசி. ஊருக்குக் கிளம்பறதுக்கு முன்னாடி போய்ப் பார்த்து, நான் கும்பிட்டேன்னு சொல்லிட்டு வா."