கள்ள ஓட்டு

எங்கள் வீட்டில் ஒரு தேர்தல் நடந்தது. முடிவு எனக்கு மட்டும் முன்கூட்டியே தெரியும். கிரனாடாவில் இருக்கும் அல்ஹம்ப்ரா கோட்டைக்கு நான்கு டிக்கெட்டை அதற்கு முன்பே வாங்கி வைத்திருந்தேன்.

கோடை விடுமுறைக்கு ஸ்பெயின் என்பதில் தகராறு இல்லை. மாட்ரிட்டில் இறங்கிய பிறகு எந்த ஊர் என்பதில்தான் பேச்சு. பதினாறு வயது மகள் வலென்சியா என்றாள். சும்மா சொல்லவில்லை, படித்துவிட்டு வந்திருந்தாள். 1957 வெள்ளத்துக்குப் பிறகு தூரியா ஆற்றை ஊருக்கு வெளியே திருப்பிவிட்டார்களாம். பழைய ஆற்றுப்படுகை முழுக்க இப்போது பூங்கா. அதில் வாடகை சைக்கிளில் சுற்றலாம், டிராம் பிடித்தால் கடற்கரை. ஒரே ஊரில் தங்கினால் பெட்டியைக் கட்டிக் கட்டி அவிழ்க்க வேண்டாம் என்றும் சேர்த்துக்கொண்டாள். மகனுக்கு வயது பதின்மூன்று. அவனுக்கு மாட்ரிட்டில் பெர்னபியூ கால்பந்து மைதானம் போதும், மற்றபடி அக்கா கட்சி. நான் எல்லாவற்றுக்கும் தலையாட்டினேன். நோட்டில் குறித்துக்கூடக் கொண்டேன்.

“சரி, ஓட்டுப் போட்டுருவோம்” என்றதும் நான்தான். முந்தின இரவே கணவரிடம், “ஏங்க, நீங்க கிரனாடான்னு சொல்லிடுங்க” என்று பேசி வைத்திருந்தேன். அவருக்கு எந்த ஊரானாலும் வேளைக்குச் சாப்பாடு கிடைத்தால் சரி. இரண்டுக்கு இரண்டு என்று வந்து நின்றது. உடனே விசாவை இழுத்தேன். ஷெங்கன் விசாவுக்குப் பயணத் திட்டம், தங்குமிடப் பதிவு, 30,000 யூரோவுக்கான காப்பீடு எல்லாம் காட்ட வேண்டும். “கிரனாடான்னு எழுதியாச்சு, இனி மாத்தினா சிக்கல்” என்றேன். திட்டம் கேட்பார்கள் என்பது உண்மை. எழுதியாச்சு என்பது பொய். விண்ணப்பத்தை நான் தொடக்கூட இல்லை.

அல்ஹம்ப்ராவுக்குக் கடைசி நேரத்தில் டிக்கெட் கிடைப்பது கஷ்டம். ஒவ்வொருவர் பெயரிலும் தனித்தனியாக வரும். உள்ளே நஸ்ரித் அரண்மனைகளுக்குள் நுழையும் நேரம் அதிலேயே அச்சாகியிருக்கும். அந்த நேரத்தைத் தவறவிட்டால் போனது போனதுதான். அதனால் முந்திக்கொண்டேன் என்று வாதாடலாம். காரணத்தில் அது கால்வாசி. மிச்சம் முக்கால், எனக்கு அந்த இடம் கல்லூரி நாளிலிருந்தே வேண்டும் என்பது. அதை வாய்விட்டுச் சொல்ல வெட்கமாக இருந்தது. அம்மா தனக்கென்று எதையும் கேட்கக் கூடாது என்று வளர்க்கப்பட்டவள் நான். கேட்காமல் எடுத்துக்கொள்ளும் வித்தையையும் அதே வீட்டில்தான் கற்றேன். பிள்ளைகளைக் கலந்து முடிவெடுக்கிறவள் என்ற பெயரும் எனக்கு வேண்டியிருந்தது, சொந்தக்காரர்கள் நடுவில் சொல்லிக்கொள்ள.

ஸ்பெயின் போய் இறங்கிய பிறகும் நான் திருந்தவில்லை. காலை ஏழு மணிக்கு எழுப்புவேன். எட்டு மணிக்கு மாட்ரிட் தெருக்களில் குப்பை வண்டியும் நாங்களும்தான். இரவு ஏழு மணிக்குச் சாப்பாடு என்று அட்டவணை போட்டிருந்தேன். நிறைய உணவகங்களில் எட்டு, எட்டரைக்கு முன் அடுப்பே பற்றவைக்க மாட்டார்கள். 1940-இல் சர்வாதிகாரி ஃப்ராங்கோ ஜெர்மனியின் நேரத்தோடு ஒத்துப்போகும்படி கடிகாரத்தை ஒரு மணி முன்னால் தள்ளி வைத்தார், அதைத் திரும்ப மாற்றவே இல்லை. மே மாதக் கடைசியில் சூரியன் மறையவே இரவு ஒன்பதரை ஆகிறது. பத்து மணிக்குத் தாத்தா பாட்டிகள் பெஞ்சில் உட்கார்ந்து கதை பேச, பொடிசுகள் சதுக்கத்தில் பந்து விளையாடுகிறார்கள். தாமதமாக எழுந்து ராத்திரியில் உயிர் வருகிற பிள்ளைகளுக்கென்றே ஒரு தேசம். அங்கே போய் என் பிள்ளைகளைச் சென்னை நேரத்தில் தூங்கச் சொல்லிக்கொண்டிருந்தேன்.

பிராடோ அருங்காட்சியகத்தைத் திறந்ததுமே உள்ளே நுழைத்தேன். வெலாஸ்கெஸ் 1656-இல் வரைந்த ‘லாஸ் மெனினாஸ்’ இருக்கும் கூடத்திலேயே மகன் உட்கார்ந்தபடி தூங்கிப்போனான். கடைசி இரண்டு மணி நேரம் யாருக்கும் கட்டணமில்லை, சாவகாசமாகச் சாயங்காலம் வந்திருக்கலாம். பெர்னபியூவுக்கு, “ஸ்டேடியம்னா ஸ்டேடியம்தானடா” என்று வெளியே நிற்கவைத்து ஒரு படம் எடுத்ததோடு சரி. அவன் அந்தப் படத்தை யாருக்கும் அனுப்பவில்லை.

கிரனாடாவுக்கு ரயிலில் போனோம். கோட்டை வாசலில் அவரவர் டிக்கெட் அவரவர் கையில் இருக்கட்டும் என்று, எனக்கு வந்திருந்த மின்னஞ்சலை அப்படியே எல்லோருக்கும் அனுப்பினேன்.

உள்ளே மகள் பிரமித்துப்போனாள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். சிங்க முற்றத்தில் பன்னிரண்டு பளிங்குச் சிங்கங்கள் தொட்டியைச் சுமக்கின்றன; சுற்றிலும் மெல்லிய தூண்கள், அவற்றுக்கு மேலே சல்லடையாகத் துளையிட்ட சுதைவேலை. பக்கத்து மண்டபத்தின் கூரையை அண்ணாந்து பார்த்தவள் கழுத்தை இறக்கவே இல்லை. அந்த நேரத்தில் நான் வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். “பாத்தியா, அம்மா சொன்னா கேக்கணும்” என்றேன்.

அவள் போனைக் காட்டினாள். நான் அனுப்பிய மின்னஞ்சலின் அடியில், டிக்கெட் வாங்கிய தேதி இருந்தது. ஓட்டெடுப்புக்கு முந்தைய வாரம்.

“இடம் நல்லாத்தாம்மா இருக்கு. எங்கள எதுக்கு ஓட்டுப் போடச் சொன்ன?”

“வேணாம்னா கேன்சல் பண்ணிக்கலாம்னுதான் வாங்கி வெச்சேன்” என்றேன். அந்த டிக்கெட்டுக்குப் பணம் திரும்பக் கிடைக்காது என்று வாங்கும்போதே படித்துவிட்டுத்தான் பொத்தானை அழுத்தியிருந்தேன். அவள் மேற்கொண்டு எதுவும் கேட்கவில்லை. தம்பியிடம் சொல்லியிருப்பாள், அன்று ராத்திரி இருவரும் என்னிடம் அளவுக்கு மீறி மரியாதையாக நடந்துகொண்டார்கள்.

ஊர் திரும்பிய பிறகு நிறையப் பேசியாகிவிட்டது, சண்டையும் போட்டாகிவிட்டது. அந்த கேன்சல் விஷயத்தை மட்டும் நான் இன்னும் அவளிடம் திருத்திச் சொல்லவில்லை. போன வாரம் சாப்பிடும்போது, அடுத்த கோடைக்கு எங்கே போகலாம், சொல்லுங்கள் என்றேன். அவள் தட்டிலிருந்து தலையைத் தூக்காமல், “எதை புக் பண்ணியிருக்கன்னு முதல்ல சொல்லும்மா” என்றாள்.