தொட்டிப் பலகையில் ஒரு பெஞ்சு

மார்ச் 9

தோட்டத்தில் போட ஒரு பெஞ்சு செய்யப் போகிறேன். மரம் ரெட்வுட்தான். கலிஃபோர்னியாவில் குடியிருந்துகொண்டு, வெயிலிலும் மழையிலும் கிடக்கப்போகும் சாமானுக்கு வேறு மரம் தேட மனம் வரவில்லை.

இன்று சான் ஓசேயில் மரக்கடைக்குப் போனேன். அடுக்கியிருந்த பலகைகளில் பாதி சிவப்பு, பாதி வெள்ளை. எளிதில் உளுக்காதது சிவந்த வைரப் பகுதி மட்டுமே. வெள்ளை ஓரம் ஈர மண்ணில் சில வருஷத்துக்கு மேல் தாங்காது. தரப் பெயரில் ‘ஹார்ட்’ (வைரம்) இருக்கிறதா என்று பார்த்து வாங்க வேண்டும். கன்ஸ்ட்ரக்‌ஷன் ஹார்ட் என்றால் கணு இருக்கும், வெள்ளை இருக்காது. கன்ஸ்ட்ரக்‌ஷன் காமன் என்றால் வெள்ளை கலந்தது. கடையில் இருந்தவை எல்லாம் ஒருமுறை வெட்டிய காட்டில் மறுபடி வளர்ந்த மரங்கள். வேகமாக வளர்ந்ததால் வளையங்கள் அகலம் அகலமாக இருக்கின்றன. வேலிக்கும் செடித் தொட்டிக்கும் நல்ல மரம். எனக்கு வளையங்கள் இன்னும் நெருக்கமான மரம் வேண்டும்.

மார்ச் 16

சோனோமா பக்கம் பழைய மரம் விற்கும் ஒரு மரவாடி. கிடைத்துவிட்டது!

ஒயின் ஆலைகளில் ஒரு காலத்தில் ஆள் உயரத்துக்கும் மேலான ரெட்வுட் தொட்டிகள் இருந்தன. பிசின் இல்லாத மரம், ஈரம் ஏறி இறங்கினாலும் அதிகம் சுருங்காத மரம் என்பதால் அதைத் தேர்ந்தார்கள். எவர்சில்வர் தொட்டிகள் வந்தபின் இவற்றைப் பிரித்துப் போட்டார்கள். அந்தப் பலகைகள்தான் கொட்டகையில் கிடக்கின்றன. உட்புறம் ஊதா நிறம். அதன்மேல் ஒயினிலிருந்து படிந்த உப்புப் பொருக்கு, விரலால் தடவினால் மினுங்குகிறது. மரவாடிப் பெரியவர் ஒரு நுனியை அறுத்துக் காட்டினார். ஊதா உள்ளே அதிகம் இறங்கவில்லை. அதற்குக் கீழே புது மரம் போலச் சிவப்பு.

அறுத்த முகத்தில் உருப்பெருக்கிக் கண்ணாடியை வைத்து, ஊசி முனையால் வளையங்களை எண்ணினேன். ஓர் அங்குலத்துக்குள் முப்பதுக்கும் மேல். ஒரு கையகலப் பலகைக்குள் நூறு வருஷத்துக்கு மேற்பட்ட வளர்ச்சி இருக்கிறது. இப்படிப்பட்ட மரத்தை இனி யாரும் வெட்டித் தரவும் கூடாது, நாம் கேட்கவும் கூடாது. ஏற்கெனவே வெட்டியதைத்தான் தேடிப் போக வேண்டும்.

மார்ச் 23

ஆணிகளைப் பிடுங்குவதிலேயே பொழுது போயிற்று. உலோகம் காட்டும் கருவியை ஒவ்வொரு பலகைமேலும் ஓட்டிய பிறகே இழைப்புளியைத் தொட்டேன்.

ஆணி இருந்த இடமெல்லாம் கறுப்பு. இந்த மரத்தில் துவர்ப்புச் சத்து நிறைய. இரும்பும் ஈரமும் சேர்ந்தால் கறுத்துவிடும். கலம்காரியில் கடுக்காயும் இரும்பும் சேர்ந்து கறுப்பு தருகிறதே, அதே வேலைதான். ஆக்சாலிக் அமிலக் கரைசல் தடவினால் கறை வெளுக்கும். பெஞ்சுக்கு எவர்சில்வர் ஸ்க்ரூதான் போட வேண்டும்.

மார்ச் 24

மரம் லேசானது, தேக்கின் எடையில் சுமார் மூன்றில் இரண்டு பங்குதான். லேசு என்பதால் வேலை சுலபம் என்று நினைக்கக் கூடாது. உளி கொஞ்சம் மழுங்கினாலும் வெட்டாது, நசுக்கும். அதனால் அடிக்கடி கல்லில் தீட்டிக்கொள்கிறேன். உப்புத்தாளை வெறும் விரலால் அழுத்தித் தேய்த்தால் வளையங்களுக்கிடையே உள்ள மெத்தென்ற பகுதி பள்ளமாகிவிடும். தாளை ஒரு கட்டையில் சுற்றித் தேய்க்க வேண்டும். நகம் பட்டாலே தடம் விழும். ஈரத்துணியைப் போட்டு இஸ்திரிப் பெட்டியை வைத்தால், அமுங்கிய நார் ஆவியில் ஊதி எழும்பி வருகிறது. அதைப் பார்ப்பதே ஒரு சந்தோஷம். பலகை நுனியில் ஸ்க்ரூ இறக்குமுன் துளை போட்டே ஆக வேண்டும், இல்லையென்றால் பிளந்துவிடும்.

தூளை மூச்சில் ஏற விடாதீர்கள். அதனால் வரும் நுரையீரல் நோய்க்குச் செக்வோயோசிஸ் என்று தனிப் பெயரே உண்டு.

ஏப்ரல் 6

ரெட்வுட் காட்டைப் பார்க்க ஹம்போல்ட் கவுண்டிக்கு வந்தேன். வழி முழுக்கக் கடல்மூடுபனி. இந்த மரங்களுக்குக் கோடையில் இந்தப் பனியிலிருந்தும் தண்ணீர் கிடைக்கிறது.

ஒரு பழைய அடிமரத்தின் அருகில் நெடுநேரம் நின்றேன். இடுப்புக்கு மேலே, இரண்டு பக்கமும் கை நுழையும் அளவுக்குக் குழிகள். வெட்டுக்காரர்கள் அதில் பலகையைச் செருகி, மேலே நின்று, தடித்த அடிப்பகுதிக்கு மேலாக மரத்தை அறுத்தார்கள். சுமார் 20 லட்சம் ஏக்கர் ஆதிக்காட்டில் இன்று மிஞ்சியிருப்பது நூற்றுக்கு ஐந்து. 1918இல் ரெட்வுட் பாதுகாப்புச் சங்கம் தொடங்கியும், தேசியப் பூங்கா வர 1968 ஆயிற்று. அதுவும் போதாமல் 1978இல் அதை விரிவாக்கினார்கள்.

ஆனால் வெட்டிய அந்த அடிமரத்தைச் சுற்றி வட்டமாகப் புது மரங்கள் நிற்கின்றன. வேரடியிலிருந்து துளிர்த்தவை. அடிமரத்திலிருந்து மீண்டும் துளிர்த்துக் காடாகும் ஊசியிலை மரங்கள் மிகச் சில.

துளிர்க்கும் மொட்டுகள் உறங்குவது பர்ல் எனப்படும் முண்டுகளில். அவற்றின் சுழல் ரேகைக்காகக் கிண்ணமும் மேசையும் செய்வோர் நல்ல விலை தருகிறார்கள். அதனாலேயே பூங்கா மரங்களை இரவில் இயந்திர ரம்பத்தால் காயப்படுத்தி முண்டுகளை அறுத்துப் போகிறார்கள் திருடர்கள். 2014இல் பூங்கா நிர்வாகம் ஒரு சாலையையே இரவு நேரத்தில் மூட வேண்டி வந்தது.

ஏப்ரல் 20

பெஞ்சு முடிந்தது. எண்ணெய் மட்டும் பூசினேன். அது குறைந்தால் பலகை சாம்பல் நிறமாகும். வைரத்துக்கு அதனால் கேடில்லை.

தச்சு வேலை செய்கிற நண்பர்களுக்கு ஒன்று சொல்வேன். இடிக்கும் வீடு, பிரிக்கும் டெக், பழைய வேலி, தண்ணீர்த் தொட்டி எதுவானாலும் குப்பைக்குப் போகுமுன் போய்க் கேளுங்கள். பர்ல் முண்டுகளை யாராவது விற்க வந்தால், எந்த நிலத்திலிருந்து எடுத்தது என்று கேளுங்கள். எழுத்தில் பதில் தர முடியாதவரிடம் வாங்காதீர்கள்.