காரைக்குடியில் ஒரு பழைய மேஜை

காரைக்குடிக்குப் பிரயாணம் செய்கிறவர்கள் பெரும்பாலும் அங்குள்ள மாளிகைகளைப் பார்க்கவே போகிறார்கள். நானும் அப்படித்தான் போனேன். முகப்புத் தூண்களையும் வளவின் மேற்கூரைகளையும் அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலி கண்ட பிறகு, முனீஸ்வரன் கோயில் தெருவுக்குள் நுழைந்தேன். அவ்வீடுகளின் மற்றொரு பாதி அங்கேதான் இருக்கிறது.

பழைய சாமான் கடைகளுக்குப் பெயர் பெற்ற தெரு அது. கஜலக்ஷ்மி செதுக்கிய வாசல் நிலைகள் சுவரோரம் சாய்ந்து நிற்கின்றன. எனாமல் பாத்திரங்கள், ரவிவர்மா படங்கள், கால் ஒடிந்த நாற்காலிகள் எல்லாம் ஒன்றன்மேல் ஒன்றாகக் கிடக்கின்றன. ஒரு வீட்டுக்குப் பங்காளிகள் பெருகி, அவர்களெல்லாம் ஊர் ஊராகச் சிதறி, ஓடு மாற்றக்கூட ஆள் இல்லாமற் போகும்பொழுது, அவ்வீடு தூண் தூணாகவும் கதவு கதவாகவும் பிரிந்து இங்கே வந்து சேருகிறது. வேடிக்கை பார்க்கப் போனவனுக்குச் சிறிது வெட்கமாகவே இருந்தது.

எனக்கு வேண்டியிருந்தது, தரையில் உட்கார்ந்து எழுதுவதற்கு ஒரு சாய்வு மேஜை. அக்காலத்துக் கணக்குப்பிள்ளைகள் வைத்துக்கொண்டிருந்த வகை. மூடியைத் தூக்கினால் உள்ளே ஏடு வைக்க இடமிருக்கும். ஒரு கடையில் அது அகப்பட்டது.

“அசல் பர்மாத் தேக்கு, ஐயா! நாளைச் சாயங்காலத்துக்குள் கறுப்புச் சாயம் ஏற்றிப் பளபளவென்று கொடுத்துவிடுகிறேன்” என்றார் கடைக்காரர்.

“கறுப்பு எதற்கு?”

“வாங்குகிறவர்களுக்குப் பழசு என்றால் கறுப்பாய் இருக்க வேண்டுமே!”

கடையின் பின்கட்டில் மெருகு வேலை நடந்துகொண்டிருந்தது. வேலை செய்த பெரியவர் என்னை ஒரு பலகையில் உட்காரச் சொன்னார். சற்றுத் தூரத்தில் கரிய நாற்காலி ஒன்று கம்பீரமாக நின்றது. அதைக் கவிழ்த்துக் காட்டினார். அடிப்பாகம் வெளுத்த மட்ட மரம். “மேலே பார்த்து மரம் வாங்காதீர்கள், வாத்தியார் ஐயா. இழுப்பறையைக் கழற்றி அடியிலே பாருங்கள்” என்றார். நான் வாத்தியார் என்பதை எப்படிக் கண்டுபிடித்தாரோ தெரியவில்லை. குடையைப் பார்த்துத்தான் இருக்க வேண்டும்.

பிறகு என் மேஜையின் மறைவான மூலையில், ஸ்பிரிட்டில் நனைத்த துணியால் தேய்த்தார். பழைய மெருகு இளகித் துணியில் ஒட்டிக்கொண்டது. அப்படி இளகினால் அது அரக்கு மெருகு. இளகாவிட்டால் பிற்காலத்து வார்னிஷோ பெயிண்டோ. அரக்கை ஸ்பிரிட்டாலேயே எடுத்துவிடலாம். ஆனால் அவசரக்காரர்கள் காஸ்டிக் சோடாவை ஊற்றிக் கழுவுகிறார்கள். தேக்கு அதனால் கறுத்துப்போகிறது, வஜ்ஜிரம் போட்ட மூட்டுகளும் விட்டுப்போகின்றன. மரத்தைக் கறுக்கவிட்டு, அந்தக் கறுப்பை மறைக்க மேலும் சாயம் பூசுவது என்ன புத்திசாலித்தனமோ!

மெருகு போனதும், உப்புத்தாளால் ரேகை ஓடும் வாக்கிலேயே தேய்த்தார். குறுக்கே தேய்த்தால் ஒவ்வொரு கீறலும் பிறகு சாயத்தைக் குடித்துக் கோடு கோடாகத் தெரியுமாம். உள்ளே இருந்த மரம் தேன் நிறத்தில் வெளிப்பட்டது. பதனிட்ட தோலைப் போன்ற மெல்லிய வாசனை எழுந்தது. கை வைத்தால் எண்ணெய்ப் பசை.

இந்த மரத்துக்காக ஒரு ராஜ்யமே போயிற்று. பச்சைத் தேக்கு நீரில் நன்றாக மிதக்காது. ஆகையால் பர்மாக் காடுகளில் மரத்தின் அடியைச் சுற்றிப் பட்டையை வெட்டி, நின்றபடியே இரண்டு மூன்று வருஷம் உலர விட்டு, பின்பு வீழ்த்தி, யானைகளைக் கொண்டு இழுத்து, ஆற்றில் மிதக்கவிட்டு ரங்கூன் சேர்ப்பார்கள். வரி கட்டியதைவிட அதிக மரங்களை எடுத்துவிட்டதாக, 1885-ல் திபா மன்னரின் அரசாங்கம் பம்பாய் பர்மா வியாபாரக் கம்பெனிக்கு அபராதம் விதித்தது. அதைச் சாக்காகக் கொண்டு ஆங்கிலேயர் படையெடுத்தார்கள். அவ்வருஷ முடிவுக்குள் மன்னர் சிறைப்பட்டார். 1916-ல் ரத்னகிரியிலேயே அவர் உயிர் பிரிந்தது. நகரத்தார் அந்நாட்டின் நெல் விவசாயத்துக்குக் கடன் கொடுத்துப் பொருள் ஈட்டினார்கள். பர்மா மரம் கப்பலேறி நம் செட்டிநாட்டுக்கு வந்தது. 1942 மார்ச்சில் ஜப்பானியர் ரங்கூனைப் பிடிக்க, நம்மவர் லக்ஷக்கணக்கில் அங்கிருந்து ஓடிவர நேர்ந்தது. காடு மலைகளில் நடந்து வந்து வழியிலேயே மாண்டவர்கள் பலர்.

மெருகுக்குப் பெயர் ‘பிரெஞ்சு பாலிஷ்’. பெயர்தான் பிரெஞ்சு, சரக்கு நம்முடையது. ராஞ்சிப் பக்கத்துக் காடுகளில் புரசு, இலந்தை முதலிய மரங்களின் கிளைகளில் ஒரு சிறு பூச்சி சுரக்கும் பிசினே அரக்கு. அதை ஆராய்வதற்கென்று 1924-ல் ராஞ்சியை அடுத்த நாம்குமில் ஒரு நிலையமே ஏற்படுத்தினார்கள். அந்த அரக்கை ஸ்பிரிட்டில் ஊறவைத்து, பஞ்சை ஒரு பழைய வேஷ்டித் துணியில் பொதிந்து, துணி ஒட்டாதிருக்க ஒரு சொட்டு எண்ணெய் தொட்டு, வட்டம் வட்டமாகத் தேய்க்கிறார்கள். ஒரு பூச்சு காய்ந்தபின் மற்றொன்று; இப்படிப் பல நாள். சூடான காபித் தம்ளரை வைத்தால் வெள்ளை வளையம் விழும் என்பது இதன் ஒரு குறை. நம் வீடுகளில் அது சிறு குறையன்று!

மூடியின் உட்புறத்தைத் துடைத்தபொழுது பெரியவரின் கை நின்றது. பழைய மசியில் நான்கைந்து வரிகள்: தமிழ் எண்களில் ஏதோ கூட்டல், பக்கத்தில் ‘ரங்கூன்’ என்ற ஒரு சொல். கூட்டல் முடியவில்லை, கடைசி வரியின் கீழே கோடு மட்டும் இருந்தது.

“ஆக்ஸாலிக் அமிலம் தடவினால் ஐந்து நிமிஷத்தில் போய்விடும்” என்றார் கடைக்காரர். உண்மைதான், இரும்புச் சத்துள்ள மசிக்கறையை அது வெளுக்கிறது. விஷமாகையால் குழந்தைகள் உள்ள வீட்டில் வைக்கலாகாது. பெரியவர் கிண்ணத்தை எடுக்காமல் என் முகத்தைப் பார்த்தார்.

“பெரியவரே, அதைத் தொடவேண்டாம். சாயமும் வேண்டாம். இப்படியே கட்டிக்கொடுங்கள்” என்றேன்.

மெருகு போடாமல் சரக்கை வெளியே விடுவது கடைக்குக் கௌரவக் குறைவு என்று கடைக்காரர் வருத்தப்பட்டார். விலையை மட்டும் குறைக்கவில்லை.

வீட்டுக்கு வந்து நானே மெருகிட முயன்றேன். அது ஐப்பசி மாதம். முதற் பூச்சு காய்வதற்குள் பலகை முழுவதும் பால் கொட்டியதுபோல் வெளுத்துவிட்டது. பதறிப்போய்ப் பெரியவருக்கு டெலிபோன் செய்தேன். அவர் வெகுநேரம் சிரித்தார்.

“ஈரக் காற்றிலே அரக்கு பூக்கும், ஐயா. அடைமழையில் யாராவது மெருகு போடுவார்களா? ஸ்பிரிட் தொட்டுத் துடைத்துவிட்டுச் சும்மா வையுங்கள். தை வரட்டும்.”

துடைத்து வைத்திருக்கிறேன். இக்கட்டுரையை அதன்மேல்தான் எழுதினேன். காபித் தம்ளரைத் தரையிலேயே வைத்துக்கொண்டேன்.