அரபுத் தொல்கவிதையும் ஓர் ஆசிரியனின் ஐயமும்

சங்க இலக்கியம் பயிற்றுவிப்பதைப் பணியாகக் கொண்ட ஒருவன் அரபுக் கவிதை குறித்து எழுத முற்படும்போது அதற்குக் காரணம் கூறக் கடமைப்பட்டுள்ளான். ஒரு மாணவர் எழுப்பிய வினாவும் அதற்கு நான் அளித்த தவறான விடையுமே என் காரணம்.

2003ஆம் ஆண்டில், தமிழகத்திற்கு வெளியே அமைந்த ஒரு பல்கலைக்கழகத்தில் ஆய்வு மாணவர்களுக்குப் புறநானூறு நடத்திக்கொண்டிருந்தேன். பாடலின் இறுதியில் திணை, துறை, பாடியவர், பாடப்பட்டோர் ஆகிய செய்திகளைக் கூறும் அடிக்குறிப்பைச் சுட்டி, "ஐயா, இதனை எழுதியவர் யார்? பாடிய புலவரா, பின்னாளில் தொகுத்தவரா?" என்று ஒரு மாணவர் வினவினார். தொகுத்தவராதல் வேண்டும் என்றேன். "அவ்வாறாயின், அவர் எழுதியது குறிப்பை மட்டுமே, பாடலை அன்று என்பதற்குச் சான்று என்ன?" என்று அவர் தொடர்ந்தார். சங்கப் பாடல்கள் பாண்டியர் ஆட்சியில் 8, 9ஆம் நூற்றாண்டுகளில் பழமைத் தோற்றம் தந்து புனையப்பட்டவை என ஹெர்மன் டீக்கன் என்னும் டச்சு அறிஞர் 2001இல் வெளியிட்ட நூலில் வாதிட்டிருந்தார். மாணவர் அதனைப் படித்திருந்தார். "அயலார் கிளப்பிய ஐயத்தை நம் வகுப்பறைக்குள் கொண்டுவராதே, தம்பி" என்று கூறிவிட்டு அடுத்த பாடலுக்குச் சென்றேன். சங்க இலக்கியத்தில் ஆய்வு செய்ய வந்திருந்த அவர், அவ்வாண்டு முடிவதற்குள் தம் ஆய்வுத் தலைப்பைத் தற்காலச் சிறுகதைக்கு மாற்றிக்கொண்டார். அதற்கு நானே காரணம் என்பதை அப்போது நான் உணரவில்லை.

எங்கள் துறை இருந்த அதே தளத்தில் அரபுத் துறையும் இருந்தது. அங்குப் பணியாற்றிய மலபார்ப் பேராசிரியர் ஒருவரிடம் மாலை வேளைகளில் மூன்றாண்டுக் காலம் அரபு கற்றேன். அகராதியின் துணையின்றிப் படிக்கும் புலமை எனக்கு வாய்க்கவில்லை. எனினும் இஸ்லாத்திற்கு முற்பட்ட காலத்துக் கவிதைகளை வரிவரியாக அவர் விளக்கக் கேட்கும் பேறு கிடைத்தது. நபிகள் நாயகத்தின் காலத்திற்கு முந்திய அக்காலத்தை அரபியர் 'ஜாஹிலிய்யா', அதாவது அறியாமைக் காலம், என்பர். அறியாமைக் காலம் எனப் பெயரிட்டுவிட்டு, அக்காலத்துக் கவிதையைத் தம் மொழியின் உச்சமாக அவர்கள் போற்றுகின்றனர் என்பதே எனக்கு முதல் வியப்பாக இருந்தது.

அக்கவிதையின் தலைமை வடிவம் 'கசீதா' எனப்படும். நெடும்பாடல் முழுவதும் ஒரே யாப்பும் ஒரே இறுதி இயைபும் அமையும். கைவிடப்பட்ட கூடாரத் தடத்தின் முன் நின்று பிரிந்த காதலியை நினைத்தல், ஒட்டகத்தின் மீது பாலையைக் கடத்தல், தன் குலத்தையோ ஒரு தலைவனையோ புகழ்தல் என அதன் பகுதிகள் விரியும். இவற்றைக் கற்பனை இன்பத்திற்காக மட்டும் பாடப்பட்டவை எனக் கொள்வது பிழையாகும். ஒரு குலத்தில் கவிஞன் ஒருவன் தோன்றினால் பிற குலத்தார் வந்து வாழ்த்துவர், விருந்து நடைபெறும் என 11ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த இப்னு ரஷீக் குறிப்பிடுகிறார். குலத்தின் மானத்தைக் காப்பவனும் பகைவரைச் சொல்லால் வீழ்த்துபவனும் குலத்தின் செயல்களை நினைவில் நிறுத்துபவனும் அக்கவிஞனே.

ஸுஹைர் இப்னு அபீ சுல்மாவின் நெடும்பாடல் இதற்குத் தக்க எடுத்துக்காட்டு. ஒரு குதிரைப் பந்தயத்தில் தோன்றிய பூசலால் அப்ஸ், துப்யான் என்னும் உறவுக் குலங்கள் நெடுங்காலம் போரிட்டன. அப்போர் நாற்பது ஆண்டுகள் நீடித்ததாக மரபு கூறும். இரண்டு தலைவர்கள் முன்வந்து, கொல்லப்பட்டோருக்குரிய இழப்பீட்டைத் தாமே ஏற்றுப் போரை முடித்தனர். அவ்விருவரையும் புகழ்ந்தே ஸுஹைர் பாடினார். அப்பாடல் புகழுரை மட்டுமன்று. ஊரறியச் செய்த உடன்படிக்கைக்குச் சான்றும் ஆகும். நலங்கிள்ளிக்கும் நெடுங்கிள்ளிக்கும் இடையே நின்று பேசிய கோவூர்கிழார் என் நினைவுக்கு வந்தது இயல்பே. பெண்களுக்கும் இக்கவிதையில் தனியிடம் இருந்தது. இறந்துபட்ட வீரனுக்காக இரங்கிப் பாடும் உரிமை பெரும்பாலும் அவன் உடன்பிறந்தாளுக்கே உரியதாக இருந்தது. தன் உடன்பிறந்தோருக்காக அல்கன்ஸா பாடிய கையறுநிலைப் பாடல்கள் அரபு மொழியில் இன்றளவும் போற்றப்படுகின்றன. அவ்விரங்கல் குலத்தாரைப் பழிவாங்கத் தூண்டும் குரலாகவும் ஒலித்தது.

இவை வாய்மொழியாக வழங்கின. ஒவ்வொரு பெருங்கவிஞனுக்கும் அவன் பாடல்களை மனப்பாடம் செய்து எடுத்துரைக்கும் 'ராவி' ஒருவர் இருந்தார். ராவியாகப் பயின்றவரே பின்னர்க் கவிஞராதலும் உண்டு. அவ்ஸ் இப்னு ஹஜரின் ராவியாக இருந்தவர் ஸுஹைர். ஸுஹைரின் ராவியாக இருந்தவர் அவர் மகன் கஅப். 6ஆம் நூற்றாண்டில் பாடப்பட்டவை பெருந்தொகுப்புகளாக எழுத்தில் நிலைபெற்றதோ 8, 9ஆம் நூற்றாண்டுகளில்தான். இடைப்பட்ட இரு நூற்றாண்டுகளில் இஸ்லாம் தோன்றிப் பேரரசும் நிறுவப்பட்டுவிட்டது. வேறொரு நெறியைத் தழுவிய மக்கள் பழைய காலத்துப் பாடல்களை ஏன் பேணினர் என்பதே இங்கு எழும் வினா.

இதற்குப் பேராசிரியர் அளித்த விடை என் சிந்தனையை மாற்றியது. கவிதை அரபியரின் 'திவான்' என்பது அம்மொழியில் வழங்கும் பழமையான கூற்று. திவான் என்னும் சொல் தமிழர்க்குப் புதியதன்று. நாம் அதனை ஓர் அமைச்சுப் பதவியின் பெயராக அறிவோம். அச்சொல்லின் முன்னைப் பொருள் பதிவேடு என்பதாகும். கலீபா உமர் காலத்தில் வீரர்க்கு உதவித்தொகை வழங்க ஏற்பட்ட பதிவேடும் திவானே. ஒரு கவிஞனின் பாடல் தொகுதியும் திவானே. குர்ஆனில் வரும் அருஞ்சொற்களுக்குப் பொருள் காண்பதற்குப் பழங்கவிதையே சான்றாயிற்று. பேரரசில் அரபு தாய்மொழியல்லாத மக்கள் பெருகவே, மொழிக்கு இலக்கணமும் அகராதியும் தேவைப்பட்டன. பஸ்ரா நகரின் மிர்பத் சந்தைக்கு வந்த பாலைநிலத்தாரிடம் அறிஞர்கள் பாடல்களைக் கேட்டுத் திரட்டினர். கலீல் இப்னு அஹ்மத் அரபு யாப்பை வகுத்தார். அவர் மாணவரும் பாரசீக வழியினருமான சீபவைஹி தம் இலக்கண நூலில் ஆயிரத்திற்கும் மேற்பட்ட கவிதை அடிகளை மேற்கோளாகக் காட்டினார். ஆகவே பழங்கவிதை நிலைபெற்றது அதன் அழகால் மட்டுமன்று. சமயமும் இலக்கணமும் குலப்பெருமையும் அதனை வேண்டி நின்றன.

தேவை மிகுமிடத்தில் போலியும் பெருகும். இதனை முதலில் எடுத்துக்கூறியவர் அயலார் அல்லர் என்பதே நான் அறிந்துகொண்ட பேருண்மை. 9ஆம் நூற்றாண்டில் வாழ்ந்த பஸ்ரா அறிஞர் இப்னு சல்லாம் அல்ஜுமஹீ, கவிஞர்களைத் தரவரிசைப்படுத்திய தம் நூலின் முன்னுரையிலேயே பொய்ப்பாடல்கள் மலிந்துள்ளமையைக் கூறுகிறார். தம் முன்னோரின் பாடல்கள் குறைந்துபோனதைக் கண்ட குலத்தார் புதியன புனைந்து முன்னோர் பெயரில் ஏற்றினர் என்கிறார். கூஃபா நகரின் ஹம்மாத் என்னும் புகழ்பெற்ற ராவியை நம்பத்தகாதவர் என்கிறார். 'முஅல்லகாத்' எனப் போற்றப்படும் ஏழு நெடும்பாடல்களும் பொன்னெழுத்தால் எழுதப்பெற்றுக் கஅபாவில் தொங்கவிடப்பட்டன என்பது பெருவழக்கான கதை. அதனை மறுத்து, அவற்றைத் தொகுத்தவர் ஹம்மாதே என்று கூறியவர் 950இல் மறைந்த எகிப்திய இலக்கண அறிஞர் அந்நஹ்ஹாஸ். இவர்கள் அரபுக் கவிதையின் பகைவர் அல்லர். அதனைக் காத்தவர்கள். எது பழையது, எது ஏற்றப்பட்டது என்று பிரித்தறிவதே அவர்கள் செய்த காப்பு.

இம்மரபை மறந்ததனால் நேர்ந்த இடர்ப்பாட்டினை 1926ஆம் ஆண்டு நிகழ்ச்சி காட்டுகிறது. அதற்கு முந்திய ஆண்டில், பழங்கவிதை பெரும்பாலும் பிற்காலப் புனைவே என ஆங்கிலேய அறிஞர் மார்கோலியத் ஒரு கட்டுரை எழுதியிருந்தார். 1926இல் கெய்ரோவில் தாஹா ஹுசைன் 'ஜாஹிலிய்யாக் கவிதை குறித்து' என்னும் பொருள்படும் தலைப்பில் நூல் வெளியிட்டார். குழந்தைப் பருவத்திலேயே பார்வையை இழந்து, அல்அஸ்ஹரில் பயின்று, பாரிசிலும் ஆய்வுப் பட்டம் பெற்றவர் அவர். அரேபியாவின் வடக்கிலும் தெற்கிலும் மொழி வேறுபட்டிருக்க, கவிதைகள் மட்டும் ஒரே மொழியில் அமைந்திருப்பது எவ்வாறு என அவர் வினவினார். அக்காலச் சமய வாழ்வு இக்கவிதைகளில் தெளிவாகப் புலப்படவில்லை என்றும், ஜாஹிலிய்யா வாழ்வை அறியக் குர்ஆனே சிறந்த கண்ணாடி என்றும் வாதிட்டார். அரசியல், சமயம், கதைசொல்லிகளின் தேவை, அரபியர்க்கும் பிறர்க்கும் இடையிலான போட்டி, ராவிகளின் ஆசை ஆகியவற்றைப் புனைவுக்குக் காரணங்களாக அடுக்கினார்.

எதிர்ப்பு பெரிதாக எழுந்தது. இப்ராஹீம், இஸ்மாயீல் ஆகியோரின் வரலாற்றுண்மை பற்றி அந்நூலில் இடம்பெற்ற சில வரிகள் சமயத்தாரைச் சினங்கொள்ளச் செய்தன. வழக்கைப் புலனாய்ந்த அரசு வழக்கறிஞர் முஹம்மத் நூர், நூலின் வாதங்களைக் கடுமையாகத் திறனாய்ந்தார். எனினும் ஆசிரியரின் நோக்கம் ஆய்வே, குற்றமன்று என 1927 மார்ச்சில் வழக்கை முடித்துவைத்தார். அவ்வாண்டே நூல் சில பகுதிகள் நீக்கப்பட்டும் விரிவாக்கப்பட்டும் வேறு தலைப்பில் வெளிவந்தது. அவ்வறிக்கை பற்றிப் பேராசிரியர் கூறியபோது நான் தலைகுனிந்தேன். வழக்குத் தொடுக்கும் பொறுப்பிலிருந்த ஓர் அலுவலர் நூலைப் படித்து வரிக்கு வரி விடையளித்திருக்கிறார். கற்பிக்கும் பொறுப்பிலிருந்த நானோ படிக்காமலே வாயை அடைத்திருக்கிறேன்.

தாஹா ஹுசைனின் முடிவுகள் பலவற்றை இன்று அறிஞர் ஏற்பதில்லை. குலமொழிகள் வேறுபடினும் கவிதைக்கெனப் பொதுமொழி ஒன்று வழங்கியிருக்கலாம் என்பது வலுவான மறுப்பு. ஆயினும் அந்த ஐயத்தின் பயன் பெரிது. அதற்கு விடை தேடியே 1956இல் நாஸிருத்தீன் அல்அசத் பழங்கவிதையின் மூலங்களை ஆராய்ந்து, ஜாஹிலிய்யாக் காலத்திலும் எழுத்து வழக்கு இருந்தமையைச் சான்றுகளுடன் நிறுவினார். மில்மன் பாரி, ஆல்பர்ட் லார்டு ஆகியோர் யூகோஸ்லாவியப் பாடகர்களிடமிருந்து கண்டறிந்த வாய்மொழிக் கோட்பாட்டை 1970களில் ஜேம்ஸ் மன்றோவும் மைக்கேல் ஸ்வெட்லரும் அரபுக் கவிதைக்குப் பொருத்திப் பார்த்தனர். அதே கோட்பாட்டை அவர்களுக்கு முன்னரே, 1968இல் வெளிவந்த நூலில், சங்கப் பாடல்களுக்குப் பொருத்தியவர் ஈழத்துப் பேராசிரியர் க. கைலாசபதி. வாய்மொழி மரபில் ஒரு பாடலுக்குப் பல வடிவங்கள் இருத்தல் இயல்பு. ஆகவே 'உண்மை' அல்லது 'போலி' என்னும் இரண்டிற்கு இடையே மூன்றாவதாக ஒரு வழியும் உண்டு என்பது இதனால் தெளிவாயிற்று.

நம் இலக்கியத்திற்கும் இது பொருந்தும். 1981இல் கண்டறியப்பட்ட ஜம்பைக் கல்வெட்டு அதியமான் நெடுமான் அஞ்சியின் பெயரைத் தமிழி எழுத்தில் தருகிறது. புகளூர்க் கல்வெட்டு சேரர் மூன்று தலைமுறையினரைக் கூறுகிறது. பாடல்கள் போற்றும் புரவலர் வரலாற்று மாந்தர் என்பதற்கு இவை உறுதியான சான்றுகள். ஒவ்வொரு பாடலும் அவர்கள் முன்னிலையிலேயே இன்றுள்ள சொற்களில் பாடப்பட்டது என்பதற்கு இவை சான்றாகா. எது நிறுவப்பட்டது, எது நிறுவப்படவில்லை என்னும் எல்லையை வகுத்துக் காட்டியிருந்தால் அம்மாணவரின் வினாவுக்கு அதுவே நேரிய விடையாக இருந்திருக்கும். டீக்கனை மறுக்கவும் அதுவே தக்க வழி.

இப்போது புறநானூறு நடத்தும்போது முதல் நாளில் பாடலைக் கரும்பலகையின் ஒருபுறமும் அடிக்குறிப்பை மறுபுறமும் எழுதுகிறேன். இரண்டையும் எழுதியவர் யார், எப்போது, எதன் பொருட்டு என்று நானே வினவுகிறேன். பாடலைப் பேணியவரின் தேவை என்னவாக இருந்திருக்கும் என்றும் கேட்கிறேன். வகுப்பு மெதுவாகச் செல்கிறது. பாடத்திட்டம் முழுவதையும் முடிக்க இயலாமற்போவதும் உண்டு. தலைப்பை மாற்றிக்கொண்ட அம்மாணவர் பின்னர்ச் சிறுகதை பற்றிய தம் ஆய்வை நல்ல முறையில் முடித்துப் பட்டம் பெற்றார். சங்க இலக்கிய ஆய்வு அவரால் பெற்றிருக்கக்கூடியதை இழந்தது. அவருக்கு நான் அன்று அளித்திருக்க வேண்டிய விடையைக் காலம் கடந்தேனும் இங்கு எழுதியிருக்கிறேன்.